அந்த அரை மணி நேரம் யாருக்கு?

மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வங்கியில் ஒரு புலம்பல் அடிக்கடி கேட்கும். "டிவியில மனச உயர்த்துற மாதிரி ஒரு நிகழ்ச்சி வருதா சார்? எல்லாம் மாமியார் சண்டை. அந்தக் காலத் தூர்தர்ஷன் எப்படி இருந்துச்சு! கச்சேரி, நாடகம், உபன்யாசம்..." டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொல்வார் ஒரு சீனியர். நானும் தலையாட்டுவேன். நல்ல நிகழ்ச்சி வேண்டும் என்பதில் எங்களுக்குள் தகராறு இல்லை. யாரை, எதிலிருந்து உயர்த்துவது என்று கேட்டால்தான் தகராறு வரும். கேட்டதில்லை. பக்கத்துப் பக்கத்துக் கவுண்டரில் உட்கார வேண்டியிருக்கிறதே.

அவருடைய அந்தக் காலத் தூர்தர்ஷனை நானும் பார்த்திருக்கிறேன், பஞ்சாயத்து டிவி ரூமுக்கு வெளியே நின்று. எனக்கு ஏழெட்டு வயசு. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் என்றால் ஊர்ப் பிள்ளைகள் உள்ளே பாயில் இருப்பார்கள். சேரிப் பிள்ளைகள் நாங்கள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்போம். நான் குள்ளம். ஒலி மட்டும்தான் எனக்கு வந்தது.

2006இல் தி.மு.க. ஆட்சி இலவச கலர் டிவி திட்டத்தைக் கொண்டுவந்தது. ஒன்றரைக் கோடிக்கும் மேல் பெட்டிகள் கொடுத்தார்கள். படித்தவர்கள் கேலி பேசினார்கள். எங்க அம்மா பேசவில்லை. சன்னல் கம்பிப் பிரச்சினை அந்தப் பதினாலு இஞ்ச் பெட்டியோடு தீர்ந்தது. அன்றிலிருந்து சீரியல் பார்க்கிறாள். ஒருநாள் கேட்டாள்: "இத்தனை வூடு காட்டுறான், நம்ம தெரு மாதிரி ஒரு தெருவக் காட்டலியேப்பா. அந்த வேலைக்காரி எங்கேருந்துதான் வர்றா, சாயந்தரம் எங்கதான் போறா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இயக்கத் தோழர்களிடம் சொன்னால், "அது முட்டாள் பெட்டி தோழர், முதலாளியோட பெட்டி, அணைச்சிப் போடுங்க" என்கிறார்கள். முதலாளியின் பெட்டிதான், மறுக்கவில்லை. ஆனால் 1988இல் ஜலந்தர் நகரத்துத் துப்புரவுத் தொழிலாளர்கள் அதை அணைத்துப் போடவில்லை. துடைப்பத்தைக் கீழே போட்டார்கள். ராமானந்த் சாகரின் ராமாயணம் 1987 ஜனவரியிலிருந்து ஞாயிறுதோறும் தூர்தர்ஷனில் ஓடி, பட்டாபிஷேகத்தோடு முடிந்துவிடப் போகிறது. அந்தத் தொழிலாளர்கள் ராமாயணம் பாடிய வால்மீகியைத் தங்கள் முன்னோராகவும் குருவாகவும் கொண்டாடும் மக்கள். விரட்டப்பட்ட சீதைக்கு வால்மீகி அடைக்கலம் கொடுக்கும் உத்தர காண்டத்தைக் காட்டாமல் எப்படி முடிப்பாய் என்று கேட்டார்கள். வேலைநிறுத்தம் வட இந்தியாவின் வேறு நகரங்களுக்கும் பரவியது. குப்பை தேங்கி நோய் பரவும் என்ற நிலை வந்ததும் அரசு இறங்கி வந்தது. உத்தர காண்டமும் தொடராக வந்தது.

இதை முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. போயும் போயும் ராமாயணத்துக்கா ஸ்டிரைக்? தவம் செய்த குற்றத்துக்காகச் சம்பூகன் தலை வெட்டப்படுவதும் அதே உத்தர காண்டத்தில்தானே! பெரியாரைப் படித்தவனுக்கு இது ஜீரணமாகாது. இன்றும் முழுசாக ஜீரணமாகவில்லை. ஆனாலும் அவர்கள் கேட்ட கதை எது என்பது ஒரு சண்டை, கேட்ட முறை என்பது இன்னொன்று. 'எங்க ஆளைக் காட்டாம நீ முடிக்க முடியாது' என்று ஒரு அரசுத் தொலைக்காட்சியைப் பார்த்துச் சொல்ல, பட்டம் வாங்கிய எனக்கு இதுவரை தோன்றவில்லை.

2020இல் கர்நாடகத்திலும் ஒன்று நடந்தது. இந்தியில் எடுத்த அம்பேத்கர் வாழ்க்கைத் தொடரை ஜீ கன்னடம் டப் செய்து ஒளிபரப்பியது. சேனல் அதிகாரிக்கு மிரட்டல் போனது. மக்கள் கிராமம் கிராமமாகத் தொடருக்கு ஆதரவாக பேனர் கட்டினார்கள். நடிகனுக்குக் கட்டுகிற பேனர், ஒரு சீரியலுக்கு! இங்கே என்ன நடந்தது? மம்மூட்டி நடித்த ஜப்பார் பட்டேலின் அம்பேத்கர் படம் 2000இல் வந்தது. தமிழ் பேசித் திரையரங்குக்கு வர 2010 ஆயிற்று, அதுவும் நீதிமன்றம் வரை போய்.

கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது தோழர்களே. அலைவரிசை பொதுச் சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியின் 1990ஆம் வருடச் சட்டம், பிரிவு 12, சமூகநீதியை வளர்ப்பதையும் தீண்டாமை போன்ற கொடுமைகளை எதிர்ப்பதையும் அதன் கடமையாகவே எழுதி வைத்திருக்கிறது. தனியார் சேனல்களுக்கு 2022 நவம்பரில் ஒன்றிய அரசு ஒரு விதி போட்டது. தினமும் அரை மணி நேரம் பொதுநல நிகழ்ச்சி தர வேண்டும். அதற்கான எட்டுத் தலைப்புகளில் நலிந்த பிரிவினர் நலனும் ஒன்று. சில வகைச் சேனல்களுக்கு மட்டும் விலக்கு.

கணக்கு எழுதிப் பிழைப்பவன் என்பதால் பெருக்கிப் பார்த்தேன். ஒரு சேனலுக்கு வருடத்துக்கு 182 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. எங்கே போகிறது இவ்வளவும்? ஓட்டை அங்கேதான். சேர்ந்தாற்போல அரை மணி காட்ட வேண்டியதில்லை, துண்டு துண்டாகவும் காட்டலாம். காட்டினோம் என்று சேனலே சான்று கொடுத்துக்கொள்ளலாம். எட்டில் எதைக் காட்டினாலும் போதும். மரம் நடுவது, மூச்சுப் பயிற்சி, கோயில் பெருமை என்று போட்டுக் கணக்கை நேர் செய்துவிடலாம். வாடிக்கையாளரே தன் பாஸ்புக்கில் தானே வரவு எழுதிக்கொள்வதை எந்த வங்கி ஒத்துக்கொள்ளும்?

அந்த அரை மணியில் நமக்கு அறிவுரை வேண்டாம். குடிக்காதே, குளி, பிள்ளையைப் படிக்க வை என்று சொல்கிற நிகழ்ச்சியும் வேண்டாம், சோக இசை போட்டு நம் குடிசையைக் காட்டுகிற நிகழ்ச்சியும் வேண்டாம். 1907இல் ராயப்பேட்டையிலிருந்து ஒரு பைசாவுக்குப் பத்திரிகை போட்ட அயோத்திதாசரைக் காட்டட்டும். 1930இல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்த இரட்டைமலை சீனிவாசனைக் காட்டட்டும். மேலவளவு முருகேசன் கொலை மிரட்டலுக்கு நடுவில் 1996இல் ஊராட்சித் தலைவர் பதவிக்கு நின்று ஜெயித்ததைக் காட்டட்டும். 1997இல் வெட்டிச் சாய்த்ததோடு சேர்த்துத்தான். அப்புறம் அந்த வேலைக்காரி சாயந்தரம் போகிற வீட்டையும் காட்டட்டும். அங்கேயும் மாமியார் சண்டை இருக்கும், பரவாயில்லை.

ஏப்ரல் 14ஐத் தமிழக அரசு 2022இல் சமத்துவ நாளாக அறிவித்தது. சன் டிவி தொடங்கியதும் 1993இல் இதே தேதியில்தான். அன்றைக்குச் சித்திரைச் சிறப்புப் படமும் நடிகர் பேட்டியும் தவறாமல் வருகின்றன. அடுத்த ஏப்ரல் 14க்கு அந்த அரை மணியைக் கேட்டு ஒவ்வொரு தமிழ்ச் சேனலுக்கும், நகலைத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கும் அனுப்ப ஒரு மனு எழுதியிருக்கிறேன். ஒரே பக்கம். கல்லூரி விடுதிகளிலும் தெருக்களிலும் கையெழுத்து வாங்க ஆள் வேண்டும். அம்மாவுக்கு எழுதத் தெரியாது, முதல் கைநாட்டு அவளுடையது. வைத்துவிட்டு, "இத யாருகிட்ட குடுக்கப் போற?" என்று கேட்டாள். "டிவிக்காரன்கிட்ட" என்றேன். "அப்ப அந்த வேலைக்காரி வூட்டப் பத்தியும் எழுதிட்டியா?" என்றாள்.

எழுதியிருக்கிறேன். மூன்றாவது பத்தி.