கத்தி எடுக்கத் தயங்காதீங்க டாக்டர்

"மாட்டுக்குக்கூட சிசேரியன் பண்ணுவாங்களா?" பொங்கலுக்கு ஊருக்கு வர்ற பட்டணத்துச் சொந்தக்காரங்க இப்பவும் இதை ஆச்சரியமா கேக்குறாங்க. பண்ணுவாங்க. ஆட்டுக்கும் பண்ணுவாங்க. கொட்டகையிலேயே, மாடு நின்ன நிலையிலேயே, மரப்பு ஊசி போட்டு வயித்தைத் திறந்து கன்னை வெளியில எடுத்துத் தைச்சு முடிப்பாங்க. தைச்சு முடிச்ச கொஞ்ச நேரத்துல மாடு வைக்கோல் மேயுறதைப் பாக்கலாம். நேரத்தோட பண்ணினா தாய், கன்னு ரெண்டுமே பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

அந்த "நேரத்தோட" என்கிற வார்த்தைக்காகத்தான் இந்தப் பதிவு. என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். எங்க டெல்டா ஊர்கள்ல சிசேரியன் ஆன மாடு செத்துப்போனா, பெரும்பாலும் காரணம் ஆபரேஷன் கிடையாது. ஆபரேஷனுக்கு முந்தின பத்து மணி நேரம்தான் காரணம்.

அந்தப் பத்து மணி நேரத்துல என்ன நடக்குதுன்னு கேளுங்க. சாயங்காலம் மாடு படுத்து எழுந்து முக்க ஆரம்பிக்கும். "தலைச்சன் கன்னு, மெதுவாத்தான் போடும்"னு வீட்டுல காத்திருப்பாங்க. எட்டு மணிக்குப் பனிக்குடம் உடையும். பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு அண்ணன் வந்து கையை விட்டுப் பார்ப்பார். பதினோரு மணிக்குக் கயிறு வரும். நாலு ஆம்பளைங்க இழுப்பாங்க. பன்னெண்டு மணிக்கு "கைராசிக்காரர்" ஒருத்தரை பைக்ல கூட்டிட்டு வருவாங்க. அவரும் இழுப்பார். விடிஞ்சு மருந்தகம் திறந்த பிறகு டாக்டர் வந்து சேரும்போது கன்னு செத்து உப்பிக் கிடக்கும், கர்ப்பப்பை கிழிஞ்சிருக்கும், மாடு எழுந்து நிக்கவே தெம்பில்லாம கிடக்கும். அந்த நிலைமையில அவர் கத்தி எடுக்குறார். மூணாம் நாள் மாடு சாகுது. ஊர் என்ன சொல்லும்? "ஆபரேஷன் பண்ணினாங்க, மாடு போயிடுச்சு." அடுத்த வீட்டுக்காரன் அவன் மாட்டுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் தாமதமா டாக்டரைக் கூப்பிடுவான்.

பட்டணத்து நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். நல்லபடியா வர்ற கன்னு, நீச்சல்காரன் தண்ணியில பாயுற மாதிரி வரும். முன்னங்கால் ரெண்டும் முன்னாடி, அதுக்கு மேல முகம். பனிக்குடம் உடைஞ்சு ரெண்டு மணி நேரம் ஆகியும் ஒரு முன்னேற்றமும் இல்லைன்னா டாக்டரைக் கூப்பிட்டாகணும். ஆடுன்னா அரை மணி, மிஞ்சினா ஒரு மணி நேரம். கால் மடங்கியிருந்தா, தலை திரும்பியிருந்தா, தெரிஞ்ச கை உள்ளே போய்ச் சரிபண்ணி எடுத்துடும். ஆனா கன்னு வழியை விடப் பெரிசா இருந்தா, கர்ப்பப்பை வாய் திறக்கவே இல்லைன்னா, கர்ப்பப்பை முறுக்கிக்கிட்டு நேராக்க முடியலைன்னா, பத்து ஆள் சேர்ந்து இழுத்தாலும் வராது. இழுக்க இழுக்கக் கிழியும், அவ்வளவுதான்.

முறுக்கு எருமைக்கு நிறைய வரும். அதுக்குக் கத்தி இல்லாமலே ஒரு வைத்தியம் உண்டு. எருமையைப் படுக்கவெச்சு, வயித்து மேல நீளமான பலகை வெச்சு, அதுமேல ஒரு ஆள் நின்னுக்கிட்டு, முறுக்கு எந்தப் பக்கமோ அதே பக்கமா எருமையை உருட்டுவாங்க. உடம்பு சுத்தும், பலகை அழுத்துறதால கர்ப்பப்பை சுத்தாது, முறுக்கு அவிழும். பார்க்கிறவங்களுக்கு வேடிக்கையா இருக்கும், ஆனா உலகம் பூரா கால்நடை மருத்துவத்துல உள்ள முறை இது. ரெண்டு மூணு தடவை உருட்டியும் அவிழலைன்னா சிசேரியன்தான். "இன்னொரு தடவை, இன்னொரு தடவை"ன்னு விடிய விடிய உருட்டிக்கிட்டு இருக்கக் கூடாது.

"எங்க தாத்தா காலத்துல ஏது சிசேரியன்?"னு கேப்பாங்க. நியாயமான கேள்வி. தாத்தா கட்டியிருந்தது உம்பளாச்சேரி மாடு. நாகப்பட்டினம் பக்கத்து உம்பளாச்சேரி கிராமத்துப் பேர்ல வந்த, இந்த மண்ணோட சொந்த இனம். சேத்துல முழங்கால் இறங்க உழுறதுக்குன்னே ஆன உடம்பு. பால் ரெண்டு லிட்டர் கறந்தா பெரிசு. ஆனா சின்னக் கன்னு போடும், பெரும்பாலும் யார் உதவியும் இல்லாம விடியறதுக்குள்ள போட்டு நக்கிக்கிட்டு நிக்கும். டிராக்டர் வந்து உழவு மாடு போச்சு, பாலுக்காகக் கலப்பினம் வந்துச்சு. சமவெளிக்கு ஜெர்சி, மலைப் பகுதிக்கு பிரீசியன்னு அரசாங்கத்தோட இனவிருத்திக் கொள்கையே இருக்கு. ஜெர்சி சின்ன உடம்பு, பரவாயில்லை. ஆனா கூட ரெண்டு லிட்டர் ஆசையில குட்டையான கிடாரிக்கும் பிரீசியன் சினை ஊசி கேக்குற ஆளுங்க எங்க ஊர்லயே உண்டு. 250 கிலோவாவது எடை வராத கிடாரிக்கு ஊசி போட்டா, ஒன்பது மாசம் கழிச்சு அந்தக் கயிறு இழுப்பு நிச்சயம்.

பெல்ஜியத்துல "பெல்ஜியன் புளூ"ன்னு ஒரு மாட்டினம் இருக்கு. இறைச்சிக்காகச் சதையைப் பெருக்கிப் பெருக்கி, இப்போ அந்த இனத்துல பெரும்பாலான கன்னு சிசேரியன்லதான் பிறக்குது. மனுஷன் ஆசைக்கு மாட்டோட வயித்தை அறுக்குறது எனக்கு உவப்பில்லை. அந்த வழியில நாம போக வேண்டாம். ஆனா அதுல ஒரு பாடம் இருக்கு. அங்கே இந்த ஆபரேஷன் பெரிய ஆஸ்பத்திரியில நடக்குறது இல்லை. கிராமத்து டாக்டர் பண்ணை வீட்டுக்கே வந்து, மாடு நிக்க நிக்க, இடது பக்க வயித்துல பண்ணிட்டுப் போயிடறார். கன்னு உயிரோட இருக்கும்போதே, தாய் களைக்காம இருக்கும்போதே பண்றதால பெரும்பாலும் ரெண்டும் பிழைச்சுக்குது.

இனி டாக்டர்களுக்கு. படிச்சவங்களுக்குப் பாடம் சொல்ல வரலை. கொட்டகையில விளக்குப் பிடிச்சு நின்னவன், பார்த்ததைச் சொல்றேன்.

முதல்ல, முடிவைச் சீக்கிரம் எடுங்க. கையை விட்டுப் பார்த்ததும் உங்களுக்குத் தெரிஞ்சிடும், வருமா வராதான்னு. கால் மணி, இருபது நிமிஷம் முயற்சி பண்ணி வழி இல்லைன்னா அப்பவே சொல்லிடுங்க. வீட்டுக்காரர் "இன்னும் கொஞ்சம் இழுத்துப் பாருங்க சார்"னு கெஞ்சுவார். அவருக்காக இழுக்காதீங்க. மாட்டுக்காக அறுங்க.

ரெண்டாவது, வெட்டுறதுக்கு முன்னாடி நாலு விஷயத்தை வாய்விட்டுச் சொல்லுங்க. கன்னு உயிரோட இருக்கா, மாடு பிழைக்க வாய்ப்பு எப்படி, மருந்துக்கு எவ்வளவு ஆகும், மறுபடி சினை பிடிக்குமா. எங்களுக்கு அம்பதாயிரத்துக்கு மேல முதல் போட்ட மாடு அது. கன்னு செத்து அழுகியிருந்தா, உள்ளேயே துண்டு பண்ணி எடுக்கிறது தாய்க்கு நல்லதா, வயித்தைத் திறக்கிறது நல்லதான்னு நீங்கதான் சொல்லணும். தெரிஞ்சுக்கிட்டு சம்மதிச்ச விவசாயி, மாடு போனாலும் உங்களைக் குறை சொல்ல மாட்டான்.

மூணாவது, கிளம்புறதுக்கு முன்னாடி போன்லயே வேலை ஏவுங்க. ரெண்டு வாளி கொதிக்கவெச்சு ஆறின தண்ணி, சோப்பு, துவைச்ச வேட்டி, காஞ்ச வைக்கோல், சார்ஜ் போட்ட டார்ச், திடமான ரெண்டு ஆள். எங்க பக்கம் மழை பெய்ஞ்சா கரண்டு போயிடும், அதனால டார்ச் ரெண்டு. "மாட்டுக்குக் கஞ்சி, சோறு எதுவும் ஊத்தாதீங்க"ன்னும் சொல்லுங்க. பாசத்துல அரிசிக் கஞ்சி வயிறு முட்ட ஊத்துற வழக்கம் நெல்லு விளையுற ஊர்ல எல்லா வீட்டுலயும் உண்டு. அந்தச் சோறு வயித்துல புளிச்சுப் போனா, கன்னு பிழைச்சும் மாடு விழுந்துடும்.

நாலாவது, ஏன் இடது பக்கம்னு சுத்தி நிக்கிற பையன்களுக்குச் சொல்லுங்க. இடது பக்கம் மாட்டோட பெரிய வயிறு சுவர் மாதிரி நின்னு குடலை வெளியில சரியவிடாது. படுத்துட்ட மாட்டுக்கு ஏன் இன்னும் கீழே வெட்டுறீங்கன்னும் சொல்லுங்க. அடுத்த தடவை உங்களுக்கு மாடு பிடிக்கப் போறது அந்தப் பையன்தான். விஷயம் புரிஞ்ச ஆள் கயிறை நடுவுல விட்டுட்டு ஓட மாட்டான்.

அஞ்சாவது ஆடு. "ஆட்டுக்குப் போய் சிசேரியனா, கறிக்குக் குடுத்துடுங்க"ன்னு சில டாக்டர்களே சொல்லிக் கேட்டிருக்கேன். 2011ல வந்த விலையில்லா ஆடு திட்டத்துல ஒரு குடும்பத்துக்கு 4 ஆடு குடுத்தாங்க. புருஷன் இல்லாத எத்தனையோ பொம்பளைங்களுக்கு ஆடுதான் சீட்டுப்பணம், பள்ளிக்கூட ஃபீஸ், ஆஸ்பத்திரிச் செலவு. வயித்துல ரெண்டு குட்டியோட நிக்கிற ஆடு அந்த வீட்டுக்கு மூணு ஆடு. அறுவடை முடிஞ்சு மாசி, பங்குனியில ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிங்க எங்க வயல்ல கிடை போடுவாங்க. அவங்க ஆடு வெட்டவெளியிலதான் குட்டி போடும். அவங்களும் நம்ம டாக்டரோட ஆளுங்கதான். மரப்பு ஊசி விஷயத்துல மட்டும் ஆடு ரொம்ப மென்மை. 30 கிலோ ஆட்டுக்கு 2 சதவீத மருந்து 7 மில்லி தாண்டினாலே ஆபத்துப் பக்கம் போயிடும், அதைப் பாதி வீரியமா நீர்த்துப் போடணும்னு எனக்கு ஒரு டாக்டர் சொன்னார். மாட்டுக் கணக்கை ஆட்டுக்குப் போடாதீங்க. இன்னொண்ணு, இப்போ நிறைய பொண்ணுங்க டாக்டரா வர்றாங்க. "பொம்பளைப் புள்ளையால முடியுமா"ன்னு ஊர்ல முணுமுணுப்பாங்க. ஆட்டு வயித்துக்குள்ள போறதுக்குச் சின்னக் கைதான் வேணும், அம்மா. தைரியமா வாங்க.

கடைசியா, தையல் போட்டதோட போயிடாதீங்க. கன்னு வயித்து வழியா வந்ததால சில தாய் அதைத் தன் கன்னுன்னே எடுத்துக்காது. பனிக்குடத் தண்ணியைக் கன்னு மேல தடவி, கொஞ்சம் தவிடும் உப்பும் தூவினா நக்க ஆரம்பிச்சிடும். முதல் ரெண்டு மணி நேரத்துக்குள்ள சீம்பால் போகணும். நஞ்சுக்கொடி விழலைன்னு அதுல கல்லைக் கட்டித் தொங்கவிடுற வேலை வேண்டாம், ஒரு நாள் பார்த்துட்டு உங்களுக்கே போன் பண்ணணும். காயத்தைக் காக்கா கொத்தும், ஈ மொய்ச்சுப் புழு வைக்கும், அதனால பகல்ல மாடு கூரைக்குள்ளேயே நிக்கணும். தையல் பிரிக்க பத்துப் பதினாலு நாள் ஆகும். இதையெல்லாம் ஒரு துண்டுக் காகிதத்துல தமிழ்ல எழுதிக் குடுங்க. ரெண்டாம் நாள் ஒரு போன் பண்ணுங்க. அந்த ஒரு போனுக்கு ஊரே உங்களுக்குக் கடன்பட்டிருக்கும்.

டாக்டரை மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்லை. 2012ல ஒரத்தநாட்டுல கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது எங்க டெல்டாவுக்குப் பெரிய வரம். அதுக்கு முன்னாடி பெரிய வைத்தியம்னா நாமக்கல், இல்லைன்னா சென்னை. ஆனா வேதாரண்யம் பக்கத்துல முக்கிக்கிட்டு நிக்கிற மாட்டை டாடா ஏஸ்ல ஏத்தி ஒரத்தநாடு கொண்டுபோக ரெண்டு மணி நேரத்துக்குக் குறையாது. பள்ளம் மேட்டுல குலுங்கி அது வந்து சேர்றதுக்குள்ள பாதி உயிர் போயிடும். 1962க்குப் போன் பண்ணினா கால்நடை ஆம்புலன்ஸ் வர்ற வசதி வந்திருக்கு, நல்லது. ஆனா கன்னு நேரம் பார்த்து வராது, ராத்திரியிலதான் நிறைய வரும். அதனால நான் கேக்குறது இது. நாலஞ்சு மருந்தகத்துக்கு ஒண்ணுன்னு சேர்த்து, ராத்திரி முறை வெச்சு ஒரு டாக்டரும் ஒரு உதவியாளரும், ஒரு வண்டி, அதுல ஆபரேஷன் பெட்டி, பேட்டரி விளக்கு. படிச்சு வெளியில வர்ற பிள்ளைங்க கல்லூரி மாட்டுல மட்டும் கத்தி பிடிக்காம, ஒரு வருஷமாவது கிராமத்து ராத்திரியில சீனியர் பக்கத்துல நின்னு கத்துக்கணும். அறுக்கிற தைரியம் அங்கேதான் வரும்.

இதுல பட்டணத்துல இருக்குற உங்களுக்கு என்ன வேலைன்னு கேக்குறீங்களா? காலையில நீங்க குடிக்கிற காபியில எங்க கொட்டகைப் பால் இருக்கு. சிசேரியன் ஆன மாட்டுக்கு ஆன்டிபயாடிக் ஊசி போடுவாங்க. டாக்டர் சொல்ற நாள் வரைக்கும் அந்தப் பாலை சொசைட்டியில ஊத்தக் கூடாது. யாரும் சொல்லாத வீட்டுல, மாடு பிழைச்சதே பெரிசுன்னு, கடனுக்குப் பயந்து, மறுநாளே பால் கேனுக்குள்ள போயிடும். ராத்திரி டாக்டர் வர்ற ஊர்ல மாடும் பிழைக்கும், உங்க டம்ளரும் சுத்தமா இருக்கும். உங்க அப்பாவோ சித்தப்பாவோ இன்னும் ஊர்ல மாடு வெச்சிருந்தா, இந்த ஞாயித்துக்கிழமை போன்ல ஒரே ஒரு விஷயம் கேளுங்க: "மாடு எப்போ கன்னு போடும், டாக்டர் நம்பர் செவுத்துல எழுதியிருக்கா?" இல்லைன்னா எழுதிவைக்கச் சொல்லுங்க. கயிறை எடுக்குறதுக்கு முன்னாடி அந்த நம்பரைப் பார்க்கட்டும்.