யாரைப் பார்க்கணும்?

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு டீக்கடை. கூட இருந்த நண்பர் விழுப்புரம் பக்கம் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். லீவு நாளில் ஊர் ஊராகப் போய்க் கல்வெட்டு படிக்கிறவர். திடீரென்று கேட்டார்: ‘‘சார், ஆராய்ச்சிச் சங்கம் எதுலயாவது மெம்பராகணும்னா யாரைப் பார்க்கணும்?’’

பட்டாவுக்கு யாரைப் பார்க்கணும், ரேஷன் கார்டுக்கு யாரைப் பார்க்கணும் என்று கேட்டுப் பழகிவிட்டோம். ஆராய்ச்சிக்குமா? ‘என்ன எழுதியிருக்கணும்?’ என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்! தப்பு அவர் மேல் இல்லை. நம் சங்கங்கள் பலவற்றில் விதி என்று ஒன்று இருந்தாலும், அது செயலாளரின் கைப்பைக்குள்தான் இருக்கிறது.

பெரிய உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். 1964-ல் டெல்லியில், தனிநாயகம் அடிகளாரின் முயற்சியில் பிறந்தது உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம். 1966-ல் கோலாலம்பூரில் முதல் மாநாடு. 1995-ல் தஞ்சாவூரில் எட்டாவது. அதற்கப்புறம்? ஒன்பதாவது நடக்க 20 வருடம் ஆனது. 2015-ல், மறுபடியும் கோலாலம்பூரில்!

நடுவே 2009-ல், கோவையில் நடத்தலாம் என்றது தமிழக அரசு. மன்றத்தின் தலைவர் நொபோரு கராஷிமா, சோழர் கல்வெட்டுகளைக் கரைத்துக் குடித்த ஜப்பானியர். ஆராய்ச்சி மாநாட்டுக்குத் தயாராக இன்னும் அவகாசம் வேண்டும் என்றார். அரசுக்கு அவசரம். 2010 ஜூனில் ‘செம்மொழி மாநாடு’ என்று வேறு பெயரில் தானே நடத்தி முடித்தது. கராஷிமா பதவியை விட்டு விலகினார்.

2023 ஜூலையில் இன்னும் விசேஷம். சென்னையில் ஒரு மாநாடு, கோலாலம்பூரில் ஒரு மாநாடு. இரண்டுக்கும் பெயர் ‘பதினோராவது’! பத்துக்கு அப்புறம் பதினொன்று, பதினொன்றுக்கு அப்புறமும் பதினொன்று. பி.காம் படித்த எனக்கு இந்தக் கணக்கு மட்டும் விளங்கவே இல்லை.

கூட்டம் எப்போது என்பதைப் பந்தலுக்குப் பணம் தருகிறவரும், உறுப்பினர் யார் என்பதை ஏற்கெனவே உள்ளே இருக்கிறவரும் தீர்மானித்தால் வேறென்ன நடக்கும்? பொன்னாடைக்கு ஒரு மணி நேரம், கட்டுரைக்கு ஐந்து நிமிடம். ஆள் வயதாகிக்கொண்டே போவார், சங்கமும் கூடவே வயதாகும்.

‘கதவைத் திறந்துவிட்டால் கண்டவனும் வருவான், தரம் போய்விடும்’ என்பார்கள் பெரியவர்கள். தரத்துக்காகத்தான் ஐயா விதி கேட்கிறேன்!

திண்டிவனத்திலிருந்து சென்னை ரோட்டில் போய், மதுராந்தகத்தில் இடதுபக்கம் திரும்பினால் உத்திரமேரூர். பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. வயது 35-க்கு மேல், 70-க்குள். கடந்த மூன்று வருடம் வாரியத்தில் இருந்தவர் கூடாது. கணக்குக் காட்டாதவர் கூடாது, அவருடைய சொந்தக்காரரும் கூடாது! விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில், ராஜேந்திர சோழன் காலக் கல்வெட்டு ஒரு கல்லூரியைப் பற்றிப் பேசுகிறது. மாணவர் 340, ஆசிரியர் 14, ஆளுக்கு எவ்வளவு நெல் என்பதுவரை.

அந்தத் தகுதிகளில் நிலமும் வேதமும் இருந்தன. என் நண்பரை அந்தச் சபைகள் வாசற்படிகூட ஏற விட்டிருக்காது. அந்தத் தகுதிகளைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள். விதியை எல்லோரும் பார்க்கிற இடத்தில் வெட்டிவைத்த பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது அதிகமில்லை. அடுத்த கூட்டத்தின் தேதியை ஒரு வருடம் முன்பே அறிவியுங்கள். பெயரை மறைத்துவிட்டுக் கட்டுரையைப் படித்து உறுப்பினரைத் தேர்ந்தெடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுதிக் கொடுங்கள். இரண்டு முறைக்கு மேல் யாரும் பதவியில் உட்கார வேண்டாம். வரவு செலவைப் பொதுவில் வையுங்கள். ஒரு கூட்டத்தையாவது விழுப்புரம் மாதிரி ஊரில், ஏதாவது ஒரு அரசுக் கல்லூரி வகுப்பறையில் நடத்துங்கள். ஏ.சி. ஹால் இல்லாவிட்டால் ஆராய்ச்சி வேர்த்துப்போய்ச் செத்துவிடாது.

இல்லையென்றால் நஷ்டம் நண்பருக்கு மட்டுமில்லை. அவர் படித்து வைத்திருக்கும் கல்வெட்டு அவருடைய நோட்டோடு போய்விடும். கல்லை உடைக்க ஜல்லி மிஷின் காத்துக்கொண்டிருக்கிறது.

டீ ஆறிப்போயிருந்தது. நண்பரிடம் சொன்னேன்: ‘‘யாரையும் பார்க்காதீங்க. உங்க விதியைக் காட்டுங்கன்னு கடிதம் எழுதுங்க.’’

‘‘எழுதினா சேர்ப்பாங்களா சார்?’’

சேர்க்கமாட்டார்கள். ஆனால், இதே கடிதம் நூறு ஊரிலிருந்து போகட்டுமே!