கணக்கெடுத்தால் மட்டும் போதுமா?

மருத்துவரைத் தேடிச் செல்ல உடலில் வலுவோ கையில் காசோ இல்லாத முதியவர்கள் இந்தியக் கிராமங்களில் ஏராளம். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 10 கோடிக்கும் அதிகம். அவர்களில் பத்தில் ஏழு பேர் கிராமவாசிகள். பிள்ளைகள் பிழைப்புத் தேடி நகரங்களுக்குச் சென்றுவிட, தங்களுக்கு ரத்த அழுத்தமோ சர்க்கரை நோயோ இருப்பதையே அறியாமல் காலம் தள்ளுபவர்கள் பலர். பக்கவாதத்தில் விழுந்த பிறகுதான் நோய் இருந்ததே தெரிய வருகிறது.

இவர்களின் வீட்டு வாசலுக்கு வந்து நலம் விசாரிப்பவர், பெரும்பாலும், அவ்வூரின் ஆஷா பணியாளர் மட்டுமே. 2005-இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் தொடங்கப்பட்டபோது தாய், சேய் நலனை முதன்மையாகக் கொண்டு சேர்க்கப்பட்ட இப்பெண்கள் இன்று சுமார் 10 லட்சம் பேர். ஆயுஷ்மான் பாரத் திட்டம் அறிவிக்கப்பட்ட 2018-க்குப் பிறகு, 30 வயதைக் கடந்த ஒவ்வொருவரின் உடல்நிலையையும் விசாரித்துப் பதிவு செய்யும் பணியும் அவர்களிடம் தரப்பட்டுள்ளது. காகிதப் படிவத்தின் இடத்தைப் படிப்படியாகச் செல்லிடப்பேசிச் செயலிகள் பிடித்து வருகின்றன.

மாற்றம் வரவேற்கத்தக்கதே. யாருக்கு ரத்த அழுத்தம் அதிகம், யார் மாத்திரை வாங்க வரவில்லை என்பதை உடனுக்குடன் சொல்லும் கருவி, படுக்கையில் கிடக்கும் முதியவரையும் அரசின் பார்வைக்குக் கொண்டு வருகிறது. ஆனால், பார்வைக்கு வந்தவருக்கு மருந்து கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஆந்திரப் பிரதேசத்தில் 54 கிராமங்களில் நடத்தப்பட்டு, 2019-இல் முடிவுகள் வெளியான ஆய்வு ஒன்று இதற்கு விடை தருகிறது. ஆஷா பணியாளர்கள் கையடக்கக் கணினியுடன் வீடு வீடாகச் சென்று, மாரடைப்பு, பக்கவாத ஆபத்து மிகுந்தவர்களைக் கண்டறிந்து மருத்துவர்களிடம் அனுப்பினர். கருவி பழுதின்றி வேலை செய்தது. அதை அவர்கள் திறம்படக் கையாண்டனர். ஆயினும், இத்திட்டம் நடைமுறைக்கு வந்த பிறகும் ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்தவர்களின் விகிதத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை. நோயாளியைக் கண்டுபிடிப்பது வேறு, அவர் நாள்தோறும் மாத்திரை சாப்பிடும்படி செய்வது வேறு.

அதே செல்லிடப்பேசி வேறிடத்தில் பலன் தந்திருக்கிறது. 2017-இல் ஐந்து மாநிலங்களைக் கொண்டு தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி 2022-இல் ஐ.நா. விருது பெற்றது. அங்கும் செயலி இருந்தது. ஆனால், அதற்கு முன்பாக எளிய சிகிச்சை முறை வகுக்கப்பட்டது. மருந்து இருப்பு உறுதி செய்யப்பட்டது. வீட்டுக்கு அருகிலேயே மாத்திரை வழங்க ஏற்பாடு செய்யப்பட்டது. 2021-இல் தமிழகத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டமும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு செல்வதையே அடிப்படையாகக் கொண்டது.

70 வயதைக் கடந்த அனைவருக்கும் ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை காப்பீடு வழங்க 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது நல்ல திட்டம். ஆனால், அது மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. பக்கவாதம் வந்த பிறகு லட்சங்களைச் செலவிட ஆயத்தமாக இருக்கும் அரசு, அது வராமல் தடுக்கும் சில ரூபாய் மாத்திரைக்கு முதியவரை அலைய விடலாமா?

செயலியைச் சுமந்து செல்பவரின் நிலையும் கவலைக்குரியது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் விருது வழங்கிக் கௌரவித்த ஆஷா பணியாளர்கள், சட்டத்தின் பார்வையில் ஊழியர்கள் அல்லர். ஊக்கத்தொகை பெறும் தன்னார்வலர்கள். ஒருவரின் உடல்நிலைப் படிவத்தை நிரப்ப மத்திய அரசின் விதிமுறை நிர்ணயித்த தொகை வெறும் 10 ரூபாய். தங்களைக் கண்காணிக்கவே கைப்பேசியில் செயலி நிறுவப்படுகிறது என்று கூறி 2021-இல் ஹரியாணாவில் அவர்கள் போராடினர். மதிப்பூதிய உயர்வு கோரி 2025 பிப்ரவரியில் கேரளத் தலைமைச் செயலகத்தின் முன் தொடங்கிய போராட்டம் எட்டு மாதங்களுக்கும் மேல் நீடித்தது.

முதியவர்கள் தாங்களே செயலியைப் பயன்படுத்திக் கொள்ளட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட கிராமப்புறப் பெண்களிலேயே பாதிக்கும் குறைவானவர்களிடம்தான் சொந்தமாகப் பயன்படுத்தும் செல்லிடப்பேசி இருந்தது. 70 வயது மூதாட்டியின் நிலையைச் சொல்லவே தேவையில்லை. அவருக்கும் அரசுக்கும் இடையே பாலமாக இருப்பவர் அந்தப் பணியாளர் மட்டுமே.

எத்தனை பேரின் விவரம் பதிவேற்றப்பட்டது என்பதை அல்ல, எத்தனை பேரின் ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்தது என்பதையே வெற்றியின் அளவுகோலாக அரசு கொள்ள வேண்டும். நடக்க இயலாத முதியவர்களுக்கு ஒரு மாத மருந்தை மொத்தமாக வீட்டிலேயே வழங்க வேண்டும். ஆஷா பணியாளர்களை முறையான ஊதியம் பெறும் ஊழியர்களாக ஏற்க வேண்டும். செயலி நோயாளியின் முகவரியை மட்டுமே சொல்லும். அங்கே வெறுங்கையோடு போய் நிற்பதற்குப் பெயர் மருத்துவ சேவை அல்ல, கணக்கெடுப்பு!