மரை ஏறினால் போதுமா?

காருக்கு ஸ்பார்க் பிளக் வாங்கப் போகிறவர்களில் பலர் கடையில் கேட்பது ஒரே கேள்விதான்: "இது நம்ம வண்டிக்குச் சேருமா?" கடைக்காரர் பழைய பிளக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "தாராளமா சேரும் சார்" என்பார். மரையும் ஏறும், வண்டியும் கிளம்பும். பிரச்சினையே அங்கேதான் ஆரம்பம். மரை ஏறுவது வேறு, இன்ஜினுக்குப் பொருந்துவது வேறு!

கார் பிளக்குகளில் அதிகம் காணப்படும் மரை விட்டம் 14 மி.மீ. ஆனால் அதே விட்டத்தில் மரையின் நீளம் 12.7 மி.மீ.யும் உண்டு, 19 மி.மீ.யும் உண்டு. 19 வேண்டிய இடத்தில் குட்டையானதைப் போட்டால், பொறி எரியறைக்குள் சரியாக நீட்டி நிற்காது. மிச்சமுள்ள மரையில் கரி படியும். பிறகு சரியான பிளக்கே ஏற மறுக்கும். நீளம் அதிகமானால் பிஸ்டனிலோ வால்விலோ இடிக்கலாம். சில நூறு ரூபாய்ச் சாமானுக்காக சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டி வருவது இப்படித்தான்.

இதைவிடப் பெரிய குழப்பம் வெப்ப எண்ணில் இருக்கிறது. பிளக்கின் முனை சுமார் 500 டிகிரி செல்சியஸாவது சூடானால்தான் அதில் படியும் கரி தானாக எரிந்து போகும். அளவுக்கு மீறிச் சூடானாலோ, பொறி வரும் முன்பே பெட்ரோல் கலவை பற்றிக்கொள்ளும். அதனால்தான் ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனி எண். என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் கூடக் கூட குளிர்ந்த வகை. போஷ், சாம்பியனில் எண் கூடக் கூட சூடான வகை. என்ஜிகே பிபிஆர்6இஎஸ் பிளக்குக்கு போஷில் இணை டபிள்யூஆர்7டிசி. ஆக, 6-க்கு 6 என்று எண்ணைப் பார்த்து வாங்குகிறவர் ஏமாறுவது நிச்சயம்.

"பழைய பிளக் மாதிரியே வாங்கினால் போச்சு" என்று சிலர் சொல்லலாம். பாதி நியாயம்தான். ஆனால் செகண்ட் ஹேண்ட் காரில் அந்தப் பழைய பிளக்கையே யாரோ தப்பாகப் போட்டிருந்தால்? தப்புக்கு நகல் எடுத்த மாதிரிதான் ஆகும்.

இன்னொரு மயக்கம், விலை. இரிடியம் பிளக் சாதாரண நிக்கல் பிளக்கைவிடப் பல மடங்கு நாள் உழைக்கும், உண்மை. அதற்காக நல்ல நிலையில் இருக்கும் இன்ஜினின் மைலேஜ் கிடுகிடுவென்று ஏறிவிடாது. எண் தப்பான இரிடியத்தைவிட எண் சரியான சாதாரண பிளக் எவ்வளவோ மேல். அதேபோல, தயாரிப்பாளர் இரிடியம் என்று சொன்ன இன்ஜினுக்கு மலிவைப் பார்த்து நிக்கல் போடுவதும் சிக்கனம் ஆகாது. சீக்கிரமே மறுபடி மாற்ற வேண்டும். பிளக் எளிதில் எட்டாத இன்ஜின்களில் கூலியே பிளக் விலையைத் தாண்டிவிடும்.

செய்ய வேண்டியது கஷ்டமான காரியம் இல்லை. காரோடு வந்த கையேட்டில் பிளக்கின் முழு எண்ணும் எலக்ட்ரோடு இடைவெளியும் இருக்கும். கையேடு தொலைந்திருந்தால் மாடல், வருடம், இன்ஜின் மூன்றையும் வைத்து பிளக் கம்பெனியின் பட்டியலில் பார்க்கலாம். எல்.பி.ஜி., சி.என்.ஜி. மாற்றிய வண்டி என்றால் அதற்கான எண்ணையும் இடைவெளியையும் தனியாக விசாரிக்க வேண்டும். பிறகு கடையில் "சேருமா?" என்று கேட்கத் தேவையில்லை, முழு எண்ணைச் சொல்லி "இது இருக்கா?" என்று கேட்டால் போதும். இல்லை என்றால் அடுத்த கடை. இன்ஜினோடு ஒப்பிட்டால் அந்த அலைச்சல் ரொம்பச் சல்லிசு.