குரங்கும் குத்தவாளி இல்ல, கூரையும் குத்தவாளி இல்ல

எங்க கம்மாபுரத்துக்கு நெய்வேலி பக்கம்ங்கறதால, கரண்ட் விஷயத்துல ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு ரெடியா இருக்கும். போன வாரம் டீக்கடையில ஒருத்தர் அடிச்சு விட்டாரு: "சோலாரை நம்பினா சிலோன் மாதிரி ஊரே இருண்டு போயிடும்". மனசு கேக்கல. அதான் இந்தப் பதிவு.

2025 பிப்ரவரி 9, ஞாயித்துக்கிழமை. பாணந்துறை துணை மின் நிலையத்துல குரங்கு ஒண்ணு புகுந்து மின்மாற்றியில பட்டதா அமைச்சர் சொன்னாரு. இலங்கை முழுக்க கரண்ட் போச்சு. உலகமே சிரிச்சுது. அப்புறம் பழி கூரை சோலார் மேல திரும்புச்சு. லீவு நாள், தேவை கம்மி, வெயில் அதிகம், அதனால தாங்கலயாம். ஏப்ரல் புத்தாண்டு லீவுக்கு, பகல் 3 மணி வரைக்கும் பேனலை நிறுத்தி வைங்கன்னு வேண்டுகோளே வந்துச்சு.

இதுல பாதி நிஜம். கரும்பு ஆட்டுற ஆயில் இன்ஜினைப் பார்த்திருப்பீங்க. பக்கத்துல கனமா ஒரு இரும்புச் சக்கரம் சுத்தும். திடீர்னு நாலு கரும்பைச் சேர்த்துத் திணிச்சாலும், சக்கரத்தோட வேகம் இழுத்துட்டுப் போயிடும். அனல் மின் நிலைய டர்பைனும் அப்படித்தான். எங்கயாவது ஒரு அடி விழுந்தா, 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் சட்டுனு சரியாம, சுதாரிக்க சில விநாடி கிடைக்கும். சோலார் இன்வெர்ட்டர்ல சுத்தறதுக்கு ஒண்ணுமே இல்ல. நம்ம தென்மாநில கிரிட் 2013 டிசம்பர் 31ல வடக்கோட சேர்ந்துடுச்சு, தாங்கிப் பிடிக்க ஆள் உண்டு. தீவுக்கு யாரு இருக்கா?

ஆனா மீதி பாதி? அதிர்வெண் கொஞ்சம் ஆடினதும் இன்வெர்ட்டர் கழண்டுக்குதுன்னா அது அதோட பிறவிக் குணம் இல்ல சாமி, நாம எழுதிக் குடுத்த விதி. சோலார் துளியூண்டு இருந்த காலத்து விதி. ஹவாய் தீவுகள்ல 60 ஹெர்ட்ஸ் கிரிட். 59.3க்கு இறங்கினாலே இன்வெர்ட்டர்லாம் ஓடிப்போகும். அதாவது ஆபத்து நேரத்துல மொத்தமா கைவிடும்! 2015ல சுமார் 8 லட்சம் குட்டி இன்வெர்ட்டர்களோட அமைப்பை, ஒரு வீட்டுக் கூரையிலயும் ஏறாம, இணையம் வழியாவே மாத்தினாங்க. இப்ப 57 வரைக்கும் நின்னு தாங்கும்.

அதிர்வெண் ஏறினா இன்வெர்ட்டரைப் படிப்படியா குறைக்கச் சொல்லலாம். இறங்கினா? இருக்கற வெயிலை ஏற்கனவே முழுசா குடுத்துட்டு இருக்கு, மேல கேட்டா எங்க போகும்? அங்கதான் பேட்டரி வேணும். கண்ணிமைக்கற நேரத்துல கரண்டைத் தள்ளும்.

இது ஏதோ வெள்ளைக்காரன் வித்தைன்னு நினைக்காதீங்க. நம்ம நெய்வேலி என்.எல்.சி.யே 2020ல அந்தமான்ல 20 மெகாவாட் சோலாரும் கூடவே 8 மெகாவாட் மணி பேட்டரியும் போட்டுச்சு. அதுவும் தனித் தீவு, டீசல்ல ஓடின ஊரு. நிலக்கரி தோண்டுறவங்களுக்கே தெரிஞ்ச சங்கதி இது.

கூரையில பேனல் வைன்னு கூப்பிட்டது அரசு. விதியை எழுதுறதும், பேட்டரி வாங்குறதும் அவங்க வேலை. அதைச் செய்யாம, கடன் வாங்கி பேனல் போட்டவன்கிட்ட "அணைச்சு வை"ன்னா என்னங்க நியாயம்?

பி.கு: "கரண்ட் போனா எங்க வீட்டு பேனலும் நின்னுடுதே, அது மட்டும் ஏன்?"னு கேக்காதீங்க. கம்பத்துல ஏறுற லைன்மேன் உயிரோட இறங்கணும்ல. அந்த விதி இருந்தே ஆகணும் :-)