ஐம்பது கேபிக்குள் ஒரு முகம்



வங்கித் தேர்வு அறிவிப்பு வந்தால் போதும், எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். பாடத்தில் சந்தேகம் கேட்கத்தான் என்று நினைக்காதீர்கள். "சார், போட்டோ ஏறவே மாட்டேங்குது!"

ஐபிபிஎஸ் விண்ணப்பத்துக்குப் புகைப்படம் 200க்கு 230 பிக்சல், 20 முதல் 50 கேபிக்குள். கையெழுத்து 140க்கு 60 பிக்சல், 10 முதல் 20 கேபிக்குள். நம் போனோ 4000க்கு 3000 பிக்சலில் படம் எடுக்கிறது. கணக்கு வாத்தியார் புத்தி போகுமா? போன் தருவது ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிகள். அவர்கள் கேட்பது வெறும் 46,000. ஏறக்குறைய 260-ல் ஒரு பங்கு!

இந்தச் சுருக்கும் வேலையை விண்ணப்பிக்கும் பிள்ளையின் தலையில் கட்டுவது நியாயமே இல்லை என்பது என் கருத்து. நாம் அனுப்பும் படத்தை வாட்ஸ்அப் கேட்காமலேயே சுருக்கிவிடுகிறது. அதே வேலையை விண்ணப்பப் பக்கமும் ஒரு நொடியில் செய்யலாம். முகத்தைச் சுற்றி ஒரு கட்டம் காட்டி, "இதற்குள் பொருத்துங்கள்" என்றால் முடிந்தது.

அப்படிச் செய்யாததால் என்ன ஆகிறது? கையில் காசு இருப்பவன் கடைக்குப் போய்க் கொடுத்து முடித்துக்கொள்கிறான். இல்லாதவன் கூகுளில் தேடி, முன்பின் தெரியாத ஏதோ ஒரு இலவசத் தளத்தில் முகத்தையும் கையெழுத்தையும் ஏற்றுகிறான். சில பிள்ளைகள் ஆதாரையும் சேர்த்து! என் கவலை இதுதான். கையெழுத்தை வழியில் போகிறவரிடம் கொடுப்போமா?

கணினி இருந்தால் 'பெயின்ட்' போதும், வெளித்தளம் எதுவும் வேண்டாம். முதலில் படத்தை 'சேவ் ஆஸ்' கொடுத்து நகல் எடுங்கள். அசலைத் தொடாதீர்கள்; சுருங்கிய படத்தைத் திரும்பப் பெரிதாக்கினால் போன புள்ளிகள் வராது. அடுத்து, முகமும் தோளும் இருக்கும்படி, அகலத்தைவிட உயரம் சற்றே கூடுதலாக வெட்டுங்கள். வெட்டிய பிறகுதான் 'ரீசைஸ்'. வெட்டாமல் நேராக 200, 230 என்று அடித்தால் முகம் பூசணிக்காயாகவோ புடலங்காயாகவோ ஆகிவிடும். கடைசியில் ஜேபெக்காகச் சேமியுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சில சமயம் படம் 15 கேபிக்குச் சுருங்கிவிடும். "20-க்குக் குறைவு" என்று அதையும் தள்ளிவிடுவார்கள். பெரிதாக இருந்தாலும் குற்றம், சிறிதாக இருந்தாலும் குற்றம். தெளிவாக எடுத்த படமாக இருந்தால் இந்தத் தொல்லை கொஞ்சம் குறையும்.

சிறுசேரி சிப்காட்டிலும் நாவலூரிலும் மென்பொருள் எழுதும் என் மாணவர்களே, உங்களில் யாராவது இப்படி ஒரு விண்ணப்பப் பக்கம் செய்ய நேர்ந்தால், அந்தக் கட்டத்தைப் போட்டுக் கொடுங்கள்.

கேளம்பாக்கத்தில் இருப்பவர்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டுக்கு வரலாம், சேர்ந்தே செய்துவிடலாம். போனில் எடுத்த அசல் படத்தைக் கொண்டு வாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்தது வேண்டாம்.