பெயர் சூட்டப்படாத இரட்டைச் சுமை



2016-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நம் நாடாளுமன்றம் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றிருந்தது. புதிய சட்டம் அவற்றை 21 ஆக உயர்த்தியது. வாசிப்பதிலும், எழுதுவதிலும், கணக்குப் போடுவதிலும் ஏற்படும் கற்றல் குறைபாடு அந்தப் பட்டியலில் சேர்ந்தது. டிஸ்லெக்சியா என்ற பெயரும் சட்டத்திலேயே இடம்பெற்றது. குழந்தைகளுக்கு இது நல்ல செய்தி. ஆனால் பள்ளிக் காலத்தை எப்படியோ கடந்துவிட்டு, இன்று முப்பது, நாற்பது வயதில் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவர்களின் நிலை என்ன? அதிலும், டிஸ்லெக்சியாவோடு ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக் குறைபாடும் சேர்ந்தே இருப்பவர்களின் நிலை என்ன? இதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

முதலில் இவ்விரண்டும் என்ன என்பதைப் பார்ப்போம். டிஸ்லெக்சியா பார்வைக் கோளாறு அல்ல, அறிவுக் குறைவும் அல்ல. எழுத்தையும் அதன் ஒலியையும் இணைக்கும் வேலை மூளையில் மெதுவாகவும் சிரமத்தோடும் நடக்கிறது. 1887-லேயே ஜெர்மனியைச் சேர்ந்த கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் இதற்கு இப்பெயரைச் சூட்டினார். ஏ.டி.எச்.டி. என்பது கவனமே இல்லாத நிலை அல்ல. கவனத்தை வேண்டிய இடத்தில், வேண்டிய நேரம் நிறுத்தி வைக்க இயலாத நிலை. பிடித்த வேலையில் மணிக்கணக்கில் மூழ்கிவிடுகிற ஒருவரே, மின் கட்டணம் கட்டும் கடைசி நாளை மூன்று மாதமாக மறந்துபோகிறார். இரண்டும் பிறவியோடு வருபவை. ஒன்று உள்ளவருக்கு மற்றதும் இருப்பது அரிதல்ல. கால் பங்கினருக்கு மேல் இருக்கலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன.

இரண்டும் சேரும்போது சுமை இரட்டிப்பதோடு நிற்பதில்லை. டிஸ்லெக்சியா உள்ளவர் ஒரு கடிதத்தை இரண்டு முறை, மூன்று முறை பொறுமையாக வாசித்துப் புரிந்துகொள்வார். அந்தப் பொறுமையைத்தான் கவனக் குறைபாடு பறித்துக்கொள்கிறது. கவனக் குறைபாடு உள்ளவருக்கு, 'எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்' என்று மருத்துவர் சொல்வார். எழுதுவதே இவருக்குப் போராட்டம். ஒன்றைச் சமாளிக்க உதவும் வழியை மற்றொன்று அடைத்துவிடுகிறது. மருத்துவத்திலும் இதே கதைதான். கவனக் குறைபாட்டுக்கு மனநல மருத்துவர் தரும் மாத்திரைகள் உண்டு. டிஸ்லெக்சியாவுக்கு மாத்திரை கிடையாது. பயிற்சியும், தகுந்த கருவிகளும்தான் துணை.

தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி வேகமாக வளர்ந்துள்ள ஊரப்பாக்கத்தை எடுத்துக்கொள்வோம். காலையில் மின்சார ரயில் பிடித்து, சென்னைக்கோ மறைமலை நகருக்கோ வேலைக்குப் போகும் குடும்பங்கள் இங்கு அதிகம். இன்று எந்த வேலையும் எழுத்து இல்லாமல் இல்லை. கிடங்கில் சரக்கு ஏற்றுபவருக்கும் கைப்பேசியில் செயலி இருக்கிறது. காவலாளிக்கும் பதிவேடு இருக்கிறது. 'ந', 'ன', 'ண' குழம்பும் ஒருவர், மேலதிகாரி அனுப்பிய நீண்ட வாட்ஸ்அப் செய்தியில் பாதியை விட்டுவிட்டால், அவருக்குக் கிடைக்கும் பட்டம் 'பொறுப்பில்லாதவன்'. வீட்டிலும் அதே பட்டம்தான். வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டு, அவரும் அதை நம்பிவிடுகிறார். மனச்சோர்வும் குடிப்பழக்கமும் நுழைவது பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான்.

இவருக்குச் சட்டம் உதவுமா? பாதி உதவும். டிஸ்லெக்சியா 21 வகைகளில் ஒன்று, ஏ.டி.எச்.டி. அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. ஆக, ஒரே மனிதரின் ஒரு பாதியைச் சட்டம் பார்க்கிறது, மறுபாதியைப் பார்ப்பதில்லை. பார்க்கும் பாதிக்கும் தடைகள் உண்டு. 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள், 8 வயதில் சான்றிதழ், பிறகு 14-லும் 18-லும் மறுபரிசோதனை, 18 வயதில் தரப்படும் சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும் என்றன. பள்ளிக் குழந்தையை மனத்தில் வைத்து எழுதப்பட்ட ஏற்பாடு இது. பரிந்துரைக்கப்பட்ட பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் சோதனை முறையும் குழந்தைகளுக்காக உருவானதே. நாற்பது வயதில் முதன்முறையாக வந்து நிற்பவரை எதைக் கொண்டு அளப்பது?

ஆயினும் நம்பிக்கை தரும் ஒரு தீர்ப்பும் உண்டு. 2021 பிப்ரவரி 11 அன்று, எழுதுவதில் சிரமமுள்ள ஒரு தேர்வரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவுபடுத்தியது. 40 விழுக்காடு குறைபாடு என்ற அளவுகோல் இடஒதுக்கீட்டுக்கானது. தேர்வில் எழுதித்தர ஆள் கேட்பது போன்ற உதவிகளை அந்த அளவைக் காட்டி மறுக்கக்கூடாது என்பதே அது.

நம் பகுதியில் வாய்ப்புகள் இல்லாமல் இல்லை. பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் இயங்குகிறது. ஊரப்பாக்கத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் வழியாகச் செல்லலாம். செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமும் உள்ளன. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண் இருக்கிறது. ஆனால் சான்றிதழுக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். படிவம் நிரப்ப வேண்டும். குறித்த நாளில், குறித்த நேரத்தில் போய் நிற்க வேண்டும். வாசிக்கவும், நாளை நினைவில் வைக்கவும் இயலாதவர் உதவி பெறுவதற்கு, அவரால் இயலாத அதே காரியங்களைத்தான் முதலில் செய்ய வேண்டியிருக்கிறது!

இங்கேதான் நமக்கு வேலை இருக்கிறது. நம் அன்பியத்தில் ஒருவர் இப்படி இருந்தால், இன்னொருவர் உடன் அமர்ந்து அந்தப் படிவத்தை நிரப்பித் தரலாம். மருத்துவமனைக்குக் கூடவே போகலாம். பங்கில் செய்தியை அச்சிட்டுத் தருவதோடு நிற்காமல், வாயாலும் சொல்லலாம், குரல் பதிவாகவும் அனுப்பலாம். திருப்பலியில் வாசகம் வாசிக்கத் தயங்கும் இளைஞரைக் கட்டாயப்படுத்தாமல், கைகளால் செய்யும் பணியையோ பாடலையோ கேட்டுக் கொடுக்கலாம். மறைக்கல்வியில் மனப்பாடம் ஒப்புவிக்காத பிள்ளையை எல்லார் முன்னும் நிறுத்துவதை இன்றோடு விடலாம். வேலை தருபவர்களாக நம்மிடையே இருப்பவர்கள், ஒரு நேரத்தில் ஒரு வேலையைச் சொல்லி, அதை முடித்தபின் அடுத்ததைச் சொல்லலாம். இவற்றில் எதற்கும் பணம் செலவாகாது.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். இவ்விரு குறைபாடுகளும் பெரும்பாலும் குடும்பத்தில் வழிவழியாக வருபவை. மகனைப் பற்றி ஆசிரியர் சொல்வதைக் கேட்கும்போதுதான், 'இது அப்படியே நான்தானே' என்று பல தந்தையருக்கும் தாய்மாருக்கும் புரிகிறது. சிறு வயதில் தாம் வாங்கிய அடியை அதுவரை பிள்ளைக்கும் கொடுத்து வந்திருப்பார்கள். அந்த நொடியில் பிள்ளையோடு சேர்த்துப் பெற்றோரையும் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வது நல்லது. பெயர் தெரிந்த சுமையை மற்றவரோடு பகிர்ந்து தூக்கலாம். பெயர் தெரியாத சுமையை மனிதர் தம் குற்றமாக எண்ணித் தனியே சுமக்கிறார்.

'சோம்பேறி' என்ற சொல் நம் நாவில் வரும் முன், ஒரு நொடி நின்று, 'உனக்கு எது கஷ்டமாக இருக்கிறது?' என்று கேட்கப் பழகுவோம்.